கேட்பு, வசூல், நிலுவை: சொத்து வரி பற்றி வாசகர் கேள்விகள்

அரையாண்டு வரி கட்டும் நேரம் வந்தாலே நம் தபால் பெட்டி கனத்துவிடும். சொத்து வரி பற்றி வாசகர்கள் அனுப்பியவற்றுக்கு, நகராட்சி நிதியும் வரி விதிப்பும் அறிந்தவர்கள் பதில் சொல்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

என் வீட்டுக்கு அரையாண்டுக்கு 2,700 ரூபாய்ச் சொச்சம் வருகிறது. இந்தத் தொகையை எந்தக் கணக்கில் போடுகிறார்கள்? கட்டுகிற பணம் எங்கே போகிறது?
– வாசகர், கொளத்தூர்

சென்னையில் பல்லாண்டுகளாக நடப்பில் இருக்கும் கணக்கைச் சொல்கிறோம். காகிதமும் பேனாவும் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

உங்கள் தெருவுக்கு, சதுர அடிக்கு மாதம் இவ்வளவு என்று ஓர் அடிப்படை வாடகை விகிதம் உண்டு. குடியிருப்புக்கு ஒன்று, கடை கண்ணிக்கு வேறொன்று. உதாரணத்துக்கு உங்கள் தெருவில் குடியிருப்பு விகிதம் 3 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டடப் பரப்பு 1,000 சதுர அடி. ஆக, மாத வாடகை மதிப்பு 3,000 ரூபாய். நீங்களே குடியிருந்தால் அதில் 25 சதவீதம் கழியும், மீதி 2,250. கட்டடம் பழசானால் ஆண்டுக்கு ஒரு சதவீதம் தேய்மானம், அதிகபட்சம் 25 வரை. பத்து வயதுக் கட்டடம் என்றால் 10 சதவீதம் போக 2,025 ரூபாய்.

இதை 12 மாதத்தால் பெருக்காமல் 10.92 ஆல் பெருக்குவார்கள். பலருக்கும் புரியாத எண் இதுதான். மாத மதிப்பில் பத்தில் ஒரு பங்கை மனைக்கு என்று ஒதுக்கிவிட்டு, மீதி 90 சதவீதக் கட்டட மதிப்பில் மட்டும் பழுதுபார்ப்புக்காக 10 சதவீதம் கழிக்கிறார்கள். 90-ல் 9 போக 81, அதோடு மனையின் 10-ம் சேர்ந்து 91. பன்னிரண்டு மாதத்தில் 91 சதவீதம் 10.92. அவ்வளவுதான் ரகசியம். 2,025 × 10.92 = 22,113 ரூபாய். இதற்குப் பெயர் ஆண்டு மதிப்பு.

ஆண்டு மதிப்பு 5,000 ரூபாயைத் தாண்டினால் அரையாண்டு வரி அதில் 12.40 சதவீதம். 22,113-க்கு 2,742 ரூபாய். உங்கள் பில் இதை ஒட்டி இருப்பதால் இந்த உதாரணத்தையே எடுத்துக்கொண்டோம்.

இனி இந்த 2,742-ஐப் பிரித்துப் பாருங்கள். 12.40-ல் 9 சதவீதம் பொது வரி, அதாவது 1,990 ரூபாய். குப்பை அள்ளுவது, தெருவிளக்கு, சாலை ஒட்டுப்போடுவது, மழைநீர் வடிகால், கொசு மருந்து, இவற்றைச் செய்யும் ஊழியர்களின் சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் இந்தப் பையிலிருந்துதான். 2.50 சதவீதம் கல்வி வரி, 553 ரூபாய், மாநகராட்சிப் பள்ளிகளுக்கானது. மிச்சம் 0.90 சதவீதம் நூலக வரி, 199 ரூபாய். அது மாநகராட்சியின் பணமே அல்ல. கடைசிக் கேள்வியில் அதற்கு வருவோம்.

சென்னையில் குடிநீர், கழிவுநீர் வரி இந்தப் பில்லில் இருக்காது. அதே ஆண்டு மதிப்பை வைத்துச் சென்னைக் குடிநீர் வாரியம் தனியாக வசூலிக்கிறது. மற்ற ஊர்களில் நகரை ஏ, பி, சி என்று மண்டலமாகப் பிரித்து, கட்டடத்தின் வகை, பயன்பாடு, வயது பார்த்து மதிப்புப் போடுவார்கள். விகிதங்கள் மாறும், கணக்கின் போக்கு இதேதான்.

ஜி.எஸ்.டி. கட்டுகிறோம், பெட்ரோலுக்கு வரி கட்டுகிறோம், வண்டிக்குச் சாலை வரி கட்டுகிறோம். மாநகராட்சிக்கு அதில் பங்கு கிடையாதா? எங்களிடமே ஏன் வந்து நிற்கிறார்கள்?
– வாசகர், ஈரோடு

நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றுகூட நேராக மாநகராட்சிக் கஜானாவுக்குப் போவதில்லை. ஜி.எஸ்.டி. மத்திய, மாநில அரசுகளுக்கு. பெட்ரோல் வரியும் அப்படியே. சாலை வரி மாநிலப் போக்குவரத்துத் துறைக்கு. மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை மாநில நிதி ஆணையத்தின் வழியாக உள்ளாட்சிகளுக்குப் பகிர்கிறது. ஆனால் அது ஊராட்சிகள், பேரூராட்சிகள், நகராட்சிகள், மாநகராட்சிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து. அதிலும் பழைய பாக்கிகளுக்கான பிடித்தம் போகத்தான் கைக்கு வரும்.

மாநகராட்சி தானே விதித்துத் தானே வசூலிக்கக்கூடிய பெரிய வரி சொத்து வரி ஒன்றே. தொழில் வரி உண்டு. ஆனால் அரசியலமைப்பின் 276-வது பிரிவு ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டிருக்கிறது. அந்த வரம்பு 1988-ல் நிர்ணயித்தது. அன்றைக்கு 2,500 என்பது பெரிய தொகை, இன்றைக்கு ஒரு குடும்பத்தின் கேபிள், கைபேசிச் செலவு. விளம்பர வரி 2017-ல் ஜி.எஸ்.டி.க்குள் போய்விட்டது. பத்திரப் பதிவில் நீங்கள் கட்டும் 7 சதவீத முத்திரைத் தீர்வையில் 2 சதவீதம் உள்ளாட்சிக்கான மேல்வரி. 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு ஒரு லட்சம். நல்ல வரவுதான், ஆனால் ரியல் எஸ்டேட் படுத்தால் இதுவும் படுத்துவிடும். அதை நம்பி மாதச் சம்பளம் போட முடியாது.

சொத்து வரியின் பெருமை அங்கேதான். வீடு எங்கேயும் ஓடாது, வியாபாரம் படுத்தாலும் வீடு நிற்கும். அடுத்த அரையாண்டில் எவ்வளவு வரவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். நகராட்சி பாஷையில் இதைக் ‘கேட்பு’ என்பார்கள். கேட்பு இவ்வளவு, வசூல் இவ்வளவு, நிலுவை இவ்வளவு. இந்த மூன்று பத்திகள் கொண்ட பதிவேடுதான் ஓர் ஊரின் நாடித்துடிப்பு. சென்னையில் அண்மை ஆண்டுகளில் சொத்து வரி வசூல் சுமார் 2,000 கோடி ரூபாயை எட்டியிருக்கிறது. 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வரிவிதிப்புகள் இருக்கும் நகரம் அது. அவ்வளவு பேரிடம் வாங்கியும் இவ்வளவுதானா என்று கேட்டால் நாங்கள் தப்பு சொல்ல மாட்டோம். காரணம் அடுத்தடுத்த பதில்களில் இருக்கிறது.

எங்கள் தெருவில் மூன்று மாதமாக விளக்கு எரியவில்லை. எரியும்வரை வரி கட்ட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கலாமா?
– வாசகர், அம்பத்தூர்

கொடுக்கலாம், பயன் இருக்காது. வரி வேறு, கட்டணம் வேறு. குப்பைக்கோ தண்ணீருக்கோ கட்டணம் என்று வாங்கினால் சேவை எங்கே என்று கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. வரிக்கு அப்படிக் கைமாறு எதுவும் கிடையாது. நீங்கள் நிறுத்தி வைத்தால் விளக்கு எரியாது, வட்டி மட்டும் ஏறும்.

விளக்குக்கு வேறு வழி: கம்பத்தில் பெயிண்டில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னையில் 1913-ஐ அழைத்து அந்த எண்ணோடு புகார் பதியுங்கள். ‘தெரு முனைக் கம்பம்’ என்று சொன்னால் எந்த முனை என்று தேடுவதிலேயே வாரம் போய்விடும். புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு வார்டு உறுப்பினரிடம் காட்டுங்கள்.

2022-ல் எங்கள் வீட்டு வரி ஒரே அடியாக இரண்டு மடங்கானது. பிறகு 6 சதவீதம் என்றார்கள். இதற்கு ஒரு முடிவே கிடையாதா?
– வாசகர், மயிலாப்பூர்

கோபம் நியாயம். ஆனால் கோபப்படவேண்டியது 2022 மேல் அல்ல, அதற்கு முந்தைய 24 ஆண்டுகள் மேல்.

பழைய சென்னை மாநகராட்சிப் பகுதியில் சொத்து வரி பொதுச் சீராய்வு கடைசியாக நடந்தது 1998-ல். மற்ற நகராட்சிகளில் 2008. சட்டப்படி அவ்வப்போது சீராய்வு செய்திருக்க வேண்டும், எந்த ஆட்சியும் அதைத் தொட விரும்பவில்லை. 2018-ல் ஒருமுறை உயர்த்தினார்கள். எதிர்ப்பு வந்தது. 2019 நவம்பரில் நிறுத்தி வைத்து, கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்த அரையாண்டுகளில் ஈடுகட்டினார்கள். பிறகு 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். அது முடிந்த சூட்டோடு, அந்த ஏப்ரல் முதல் உயர்வு.

சென்னையின் பழைய பகுதியில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம் உயர்ந்தது. 2011-ல் இணைந்த பகுதிகளுக்கு இதில் ஒரு படி குறைவு. வணிகக் கட்டடங்களுக்குப் பழைய பகுதியில் 150. உங்களுக்கு இரட்டித்திருக்கிறது என்றால் வீடு 1,201-க்கும் 1,800-க்கும் இடையில்.

இப்போது ஒரு கணக்கு. 1998-ல் உங்கள் அரையாண்டு வரி 2,000 ரூபாய் என்று வையுங்கள். 2022 வரை அதே 2,000. உயர்வுக்குப் பின் 4,000. ஆண்டுக்கு 6 சதவீதம் என்று 1998 முதலே ஏற்றி வந்திருந்தால் 24 ஆண்டில் நான்கு மடங்குக்குச் சற்று மேல், 8,100 ரூபாய் ஆகியிருக்கும். அதாவது இரட்டித்த பிறகும் பாதிதான். இடைப்பட்ட காலத்தில் துப்புரவுத் தொழிலாளர் சம்பளமும் தார் விலையும் மின் கட்டணமும் 1998-லேயே நின்றுவிடவில்லை. செய்யவேண்டிய வேலைகளைத் தள்ளிப்போட்டுத்தான் நகரம் அந்தப் பள்ளத்தை மூடியது. அதன் விலையை ஒவ்வொரு மழைக்காலத்திலும் நாம்தான் கொடுத்தோம்.

6 சதவீதத்துக்கு இன்னொரு காரணம் டெல்லியில் இருக்கிறது. 2021 முதல் 2026 வரைக்குமான மத்திய 15-வது நிதிக்குழு, நகரங்களுக்கான மானியத்துக்குச் சொத்து வரி தொடர்பாக இரண்டு நிபந்தனை போட்டது. மாநிலம் சொத்து வரிக்கு ஒரு குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் வரி வசூல், மாநிலத்தின் ஐந்தாண்டுச் சராசரிப் பொருளாதார வளர்ச்சிக்குக் குறையாமல் வளரவேண்டும். இல்லாவிட்டால் மானியம் கிடையாது. 2024 அக்டோபரில் தொடங்கிய அரையாண்டிலிருந்து சென்னையில் 6 சதவீத உயர்வு வந்தது இந்தப் பின்னணியில்தான். நிபந்தனை வசூல் வளர்ச்சிக்குத்தான், விகித உயர்வுக்கு அல்ல என்பதைக் கவனியுங்கள். விடுபட்ட கட்டடங்களைக் கண்டுபிடித்துச் சேர்த்தாலும் வசூல் வளரும். விகிதத்தை ஏற்றுவது ஒரு தீர்மானத்தில் முடிகிற வேலை, வீடு வீடாக டேப் பிடித்து அளப்பது ஆண்டுக்கணக்கில் நடக்கிற வேலை. எது முதலில் நடக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

எங்கள் எதிர் வீட்டில் கீழ்த்தளம் முழுக்கக் கடை. அவர்களும் எங்களைப் போல வீட்டு வரிதான் கட்டுகிறார்கள். இது எப்படி?
– வாசகர், பெரம்பூர்

சொத்து வரி வசூலில் இருக்கும் மிகப்பெரிய ஓட்டை இது. முதல் பதிலில் பார்த்த அதே 1,000 சதுர அடியை எடுத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் குடியிருந்தால் அரையாண்டுக்கு 2,742 ரூபாய். வாடகைக்கு விட்டால் 25 சதவீதக் கழிவு கிடையாது, 3,656 ரூபாய். கடையாக மாற்றிவிட்டால்? அந்தத் தெருவின் வணிக விகிதம் சதுர அடிக்கு 10 ரூபாய் என்று வைத்தால், தேய்மானம் போக மாதம் 9,000, ஆண்டு மதிப்பு 98,280, அரையாண்டு வரி 12,187 ரூபாய். பதிவேட்டில் ‘குடியிருப்பு, சொந்த உபயோகம்’ என்று ஒரு வரி மாறாமல் இருப்பதால் மாநகராட்சி இழப்பது அரையாண்டுக்கு 9,445 ரூபாய். ஒரு கடைவீதியில் இப்படி 50 கட்டடம் இருந்தால் ஆண்டுக்கு 9,44,500 ரூபாய்.

பெரும்பாலும் இது திட்டமிட்ட ஏமாற்று அல்ல. வீடு கட்டி முடித்தபோது ஒருவர் வந்து அளந்தார், வரி விதித்தார். பிறகு ஷட்டர் வைத்தார்கள், மாடி ஏற்றினார்கள், மொட்டை மாடியில் கூரை போட்டார்கள். யாரும் மறுபடி அளக்க வரவில்லை. பில் கலெக்டர் ஒருவரிடம் ஆயிரக்கணக்கில் வீடுகள். அவர் வசூலுக்கு ஓடுவாரா, அளக்க ஓடுவாரா? வசூல் இலக்கு கேட்பை வைத்துத்தான் போடுவார்கள். கேட்பே குறைவாக இருந்தால் 95 சதவீதம் வசூல் என்று அறிக்கை அழகாக இருக்கும். ‘வசூலில் முதலிடம்’ என்ற செய்தியைப் படித்தால் கேட்பு எவ்வளவு கூடியது என்று ஒரு கண் வையுங்கள்.

கண்டுபிடிப்பது கஷ்டமும் அல்ல. கடை வைத்தவர் மின் இணைப்பை வணிக விகிதத்துக்கு மாற்றியிருப்பார், தொழில் உரிமம் எடுத்திருப்பார், ஜி.எஸ்.டி. எண் வாங்கியிருப்பார். மின்வாரியப் பட்டியலையும் வரிப் பதிவேட்டையும் கதவு எண் வாரியாகப் பக்கத்தில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. இங்கே இடிப்பது முகவரி. பழைய எண், புது எண், ‘மேல்மாடி’, ‘பின்கட்டு’ என்று இரண்டு பட்டியலிலும் வெவ்வேறாக இருக்கும். வரிவிதிப்பு எண்ணையும் மின் இணைப்பு எண்ணையும் கோத்த ஊர்களில்தான் இது சரிப்படும். ட்ரோன் படம் எடுத்தால் கூரைப் பரப்பு தெரியும், எத்தனை தளம், உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியாது. அதற்கு ஆள்தான் போகவேண்டும்.

வேண்டுமென்றே நடப்பதும் உண்டு. மதுரை மாநகராட்சியில் வணிகக் கட்டடங்களுக்குக் கணினிப் பதிவில் வரியைக் குறைத்துக் காட்டியதாக எழுந்த புகார், 2025-ல் கைதுகள் வரை போனது. பில் கணினியில் வருகிறது என்பதாலேயே கணக்கு சுத்தம் என்று ஆகிவிடாது. யாருடைய கடவுச்சொல்லில் எந்த எண் மாறியது என்று யாராவது பார்க்கவேண்டும்.

ரயில்வே காலனி, தபால் நிலையம், மத்திய அரசு அலுவலகங்கள் எங்கள் ஊரில் பாதி இடத்தை வைத்திருக்கின்றன. அவை வரி கட்டுமா?
– வாசகர், திருச்சி

கட்டாது. அரசியலமைப்பின் 285-வது பிரிவு மத்திய அரசுச் சொத்துக்கு விலக்கு தந்திருக்கிறது. ஆனால் சேவைக் கட்டணம் தரவேண்டும். ராஜ்கோட் மாநகராட்சி தொடுத்த வழக்கு 2009-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தபோது ஒரு கணக்கு ஏற்பட்டது. நகராட்சியின் எல்லா வசதியையும் பயன்படுத்தினால் வழக்கமான வரியில் 75 சதவீதம், சிலவற்றை மட்டும் பயன்படுத்தினால் 50, எதையும் பயன்படுத்தாவிட்டாலும் மூன்றில் ஒரு பங்கு. கேட்டு பில் அனுப்பி, விடாமல் கடிதம் எழுதினால்தான் வரும். தானாக வராது.

பழைய வீடு வாங்கி ஓராண்டு ஆகிறது. வரி ரசீது இன்னும் முந்தைய உரிமையாளர் பெயரில் வருகிறது. பத்திரம் என் பெயரில் இருக்கும்போது இதனால் என்ன?
– வாசகர், கோவை

உரிமைக்குப் பத்திரம்தான் ஆதாரம், வரி ரசீது அல்ல. நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆனாலும் மாற்றிவிடுங்கள். நோட்டீஸ் பழையவர் பெயருக்குப் போகும், அவர் குப்பையில் போடுவார், நிலுவை உங்கள் வீட்டின் மேல் நிற்கும். சொத்து வரி ஆளின் மேல் மட்டுமல்ல, சொத்தின் மேலும் முதல் பாத்தியதை உள்ள கடன். வாங்கியவரிடம்தான் வந்து நிற்பார்கள். குடிநீர் இணைப்பு, வங்கிக் கடன் எல்லாவற்றுக்கும் உங்கள் பெயரில் ரசீது கேட்பார்கள் என்பது வேறு.

கிரயப் பத்திர நகல், கடைசி வரி ரசீது, அடையாளச் சான்று ஆகியவற்றோடு மண்டல அலுவலகத்திலோ இணையத்திலோ பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். வாரிசுரிமை என்றால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் சேரும். பல வாரிசுகள் இருந்து ஒருவர் பெயருக்கு மட்டும் மாற்றக் கேட்டால் மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம் வேண்டும். அது இல்லாமல் போகிற மனுக்கள்தான் மாதக்கணக்கில் கிடக்கின்றன. நிலுவை இருந்தால் பெயர் மாறாது, முதலில் அதைக் கட்டுங்கள். மாற்றம் கைக்கு வந்ததும் பரப்பளவையும் பயன்பாட்டு வகையையும் சரிபாருங்கள். முந்தையவர் வாடகைக்கு விட்டிருந்து நீங்கள் குடியிருந்தால் வரி குறையலாம். அவர் மறைத்துவைத்த மாடி ஒன்று இருந்தால் கூடும்.

ஊக்கத்தொகை கிடைக்கும் என்று ஏப்ரலில் இணையத்தில் கட்டினேன். பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை.
– வாசகர், தாம்பரம்

அதே நாளில் மறுபடி கட்டாதீர்கள். வங்கிப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்து மூன்று வேலை நாள் பொறுங்கள். ஒன்று ரசீது வரும், இல்லை பணம் திரும்பும். இரண்டும் நடக்காவிட்டால் அந்த எண்ணோடு மண்டல அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். கடைசி நாள்வரை காத்திருக்காமல் 20-ம் தேதிக்குள் கட்டச் சொல்வது இதற்காகத்தான்.

ஊக்கத்தொகை அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள், அல்லது அக்டோபர் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். 2,742-க்கு 137 ரூபாய் மிச்சம். தவறவிட்டு அரையாண்டும் தாண்டினால் மாதம் ஒரு சதவீதத் தனி வட்டி. மாநகராட்சி 5 சதவீதத்தை விட்டுக்கொடுப்பது தாராளத்தில் அல்ல. சம்பளம் மாதாமாதம் போகிறது, வரி பழைய பழக்கத்தில் மார்ச் கடைசி வாரத்தில் வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் ஒப்பந்ததாரர் பில் தேங்கும். தேங்கும் என்று தெரிந்த ஒப்பந்ததாரர் அடுத்த டெண்டரில் அதையும் சேர்த்தே விலை போடுவார்.

அளவே தப்பாகப் போட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. எப்படி மறுப்பது?
– வாசகர், வேளச்சேரி

நோட்டீசில் ஆட்சேபனைக்குக் கெடு போட்டிருக்கும். அந்த நாள் தாண்டக்கூடாது, மற்றதெல்லாம் பிறகு. ‘வரி அதிகம்’ என்று எழுதினால் மனு நிற்காது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், பத்திரத்திலுள்ள பரப்பு, தளவாரியாக நீங்கள் அளந்த கணக்கு மூன்றையும் வைத்து, ‘நோட்டீசில் 1,340 சதுர அடி, உண்மையில் 1,130, வித்தியாசம் 210’ என்று எண்ணோடு எழுதுங்கள். பரப்பு என்பது சுவரின் வெளிப்புற அளவு. உள்ளளவை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போய்த் தோற்றவர்கள் அதிகம். அடுக்குமாடி என்றால் படிக்கட்டு, லிப்ட் போன்ற பொது இடத்தில் உங்கள் பங்கும் சேரும். மறு அளவுக்கு வருவாய் ஆய்வாளர் வரும்போது வீட்டில் இருங்கள். முடிவு பிடிக்காவிட்டால் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு, அதற்குமேல் நீதிமன்றம். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதும் பொதுவாகப் பணத்தைக் கட்டச் சொல்வார்கள். ‘ஆட்சேபனையுடன் செலுத்துகிறேன்’ என்று கடிதம் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். ஜெயித்தால் வரும் அரையாண்டுகளில் கழிப்பார்கள்.

சென்னை மாநகராட்சி பங்குச் சந்தையில் கடன் பத்திரம் வெளியிட்டதாகப் படித்தேன். மாநகராட்சிக்கு யார் நம்பிக் கடன் கொடுப்பார்கள்?
– வாசகர், நுங்கம்பாக்கம்

சொத்து வரியை நம்பித்தான். 2025-ல் கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதி மழைநீர் வடிகாலுக்காக 200 கோடி ரூபாய் திரட்டினார்கள். இந்தியாவில் இதற்கு முன்னோடி 1998-ல் அரசு உத்தரவாதம் இல்லாமல் 100 கோடி திரட்டிய அகமதாபாத். அந்த ஊர் கடன் கேட்கப் போகும்முன் செய்த முதல் வேலை வரி வசூலைச் சீர்செய்ததுதான்.

இத்தகைய கடனில் வழக்கமான ஏற்பாடு ஒன்று உண்டு. வரி வசூல் முதலில் ஒரு தனிக் கணக்கில் விழும். அந்தத் தவணைக்கான வட்டியும் அசலும் அதில் சேர்ந்த பிறகுதான் மிச்சம் மாநகராட்சியின் செலவுக் கணக்குக்கு வரும். ஆக, கடன் கொடுப்பவர் மேயர் பேச்சைக் கேட்பதில்லை, நாம் முன்பு சொன்ன அந்த மூன்று பத்திப் பதிவேட்டைத்தான் கேட்பார். நிலுவை ஏறிக்கொண்டே போகும் ஊருக்கு வட்டி கூடும், அல்லது கடனே கிடைக்காது. நீங்கள் ஏப்ரலில் கட்டும் 2,742 ரூபாய் வடிகாலுக்கு இரண்டு வகையில் உதவுகிறது: நேரடியாகக் கொஞ்சம், வடிகாலுக்கு வாங்கும் கடனின் வட்டியைக் குறைப்பதில் இன்னும் கொஞ்சம்.

டெக்சாஸில் இருக்கும் என் மகள் வீட்டு வரியாக நம் ரூபாயில் ஆண்டுக்குப் பல லட்சம் கட்டுகிறாள். அங்கே மட்டும் ஏன் அவ்வளவு?
– வாசகர், சேலம்

அந்த மாநிலத்தில் மாநில வருமான வரி கிடையாது. கவுண்டி (நம் மாவட்டம் போன்றது), நகரம், பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம் எல்லாம் ஒரே வீட்டின் மேல் வரி போடுகின்றன. பில்லில் பெரிய பங்கு பள்ளிக்கூடத்துக்கு. வேறுபாடு இன்னொன்றும் உண்டு. அங்கே ஆண்டுதோறும் வீட்டை மதிப்பிடுகிறார்கள். பட்ஜெட் போட்டு, அதற்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்து, அந்த ஆண்டு விகிதத்தை முடிவுசெய்கிறார்கள். நாம் விகிதத்தைப் பல்லாண்டு பூட்டி வைத்துவிட்டு, வருகிற பணத்துக்கு ஏற்றபடி ஊரைச் சுருக்குகிறோம். மதிப்பீட்டை மகள் எதிர்க்க விரும்பினால் வழக்கமான கெடு மே 15.

வாடகை வருமானத்தில் சொத்து வரியைக் கழிக்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

கழிக்கலாம், நீங்கள் கட்டியிருந்தால், கட்டிய ஆண்டில். வாடகைதாரர் கட்டியதையோ, கட்டாமல் நிலுவையில் இருப்பதையோ கழிக்க முடியாது. இதைக் கழித்த பிறகு மீதியில் 30 சதவீதம் நிலையான கழிவு.

பில்லில் நூலக வரி என்று 199 ரூபாய். எங்கள் பகுதி நூலகத்தில் புதுப் புத்தகமே இல்லை. இந்தப் பணம் யாருக்குப் போகிறது?
– வாசகர், வியாசர்பாடி

1948-ல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டத்தில் வந்த வரி இது. சுதந்திர இந்தியாவில் அப்படியொரு சட்டம் முதலில் வந்தது இங்கேதான். இப்போது பொது வரியில் ரூபாய்க்கு 10 காசு. மாநகராட்சி வெறும் வசூல் கை, வாங்கி மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கவேண்டும். புத்தகம் வாங்குவது, கட்டட வாடகை எல்லாம் ஆணைக்குழுவின் பொறுப்பு.

சிக்கல் என்னவென்றால், கைச்செலவுக்குத் தட்டுப்பாடு வரும்போது உள்ளாட்சிகள் முதலில் கைவைப்பது இந்தப் பணத்தில். உங்களிடம் வாங்கியாயிற்று, நூலகத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று நிலுவை நிற்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு கேள்வி போடுங்கள். மாநகராட்சியிடம்: கடந்த மூன்று நிதியாண்டில் வசூலித்த நூலக வரி எவ்வளவு, செலுத்தியது எவ்வளவு, எந்தத் தேதியில்? ஆணைக்குழுவிடம்: அதே காலத்தில் மாநகராட்சியிடமிருந்து வரப்பெற்றது எவ்வளவு? இரண்டு பதிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.